போபால் விஷவாயு விபத்துக்கு இரவு ஷிஃப்ட் ஊழியரின் கவனக்குறைவு காரணமா, நிர்வாகம் காரணமா?

நிர்வாகமே காரணம் என்பது என் பதில். சேலத்தை அடுத்த ஒரு ரசாயன ஆலையில் 22 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவும் முன், இரு குழாய்கள் இணையும் ஃபிளாஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, தண்ணீர் அப்பால் போகாதபடி, பிடிக்க வால் வைத்த வட்டமான இரும்புத் தகடு ஒன்றை இடையில் செருகுவோம். அதை பிளைண்ட் என்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "வால்வுதான் மூடியிருக்கிறதே அண்ணா" என்று கேட்டேன். "மூடின வால்வும் ஒழுகும் தம்பி" என்ற ஃபோர்மேன், என் கையைப் பிடித்து அடுத்த ஃபிளாஞ்சின் அடியில் வைத்தார். விரல் நனைந்தது.

1984 டிசம்பர் 2 இரவு, போபாலின் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் குழாய் கழுவியபோது அந்தத் தகடு போடப்படவில்லை என்று தொழிலாளர்கள் கூறினர். ஊழியர் ஒருவர் வேண்டுமென்றே ரசாயனத் தொட்டிக்குள் தண்ணீர் விட்டார் என்று நிறுவனம் வாதிட்டது. தண்ணீர் எப்படிப் புகுந்திருந்தாலும், தண்ணீர் பட்டால் சூடேறி விஷவாயுவாக வெளியேறும் மெத்தில் ஐசோசயனேட் சுமார் 40 டன் இருந்த அந்தத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்ததும், வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் குழாய் கழற்றப்பட்டுச் செயலற்றுக் கிடந்ததும், கசியும் வாயுவைக் காரக் கரைசலால் முறிக்கும் ஸ்க்ரப்பர் தயார் நிலையில் இல்லாததும் அந்த ஒரு ஷிஃப்டில் நேர்ந்த தவறுகள் அல்ல. அவை செலவைக் குறைக்க எடுக்கப்பட்ட முடிவுகள். குளிர்விப்பானை நிறுத்தும் அதிகாரம் எந்த ஃபிட்டருக்கும் கிடையாது.

எங்கள் ஆலையில் ஒருமுறை குளோரின் கசிந்து இருவர் மருத்துவமனைக்குச் சென்றனர். குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கேட்டு நாங்கள் எழுதிய கடிதம் மூன்று மாதமாக அலுவலகத்தில் கிடந்தது. விசாரணையில் முதலில் கேட்கப்பட்டது, "அன்று ஷிஃப்டில் யார்?" என்பதுதான். அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

போபாலில் வாயு நேரடியாகக் கொன்றவர்கள் மத்தியப் பிரதேச அரசின் கணக்கிலேயே 3,787 பேர். நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைதான அன்றே ஜாமீன் பெற்று வெளியேறி, நீதிமன்றத்தில் நிற்காமலேயே 2014இல் இறந்தார். இழப்பீடாக 330 கோடி டாலர் கேட்டிருந்த இந்திய அரசு, 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பட்டது. 2010இல் ஏழு இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர்களுக்கும் உடனே ஜாமீன் கிடைத்தது.

இந்த விபத்துக்குப் பின், 1987இல், தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆலையில் உள்ள ஆபத்துகளையும் விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் தொழிலாளருக்கு மட்டுமின்றிச் சுற்றி வசிப்போருக்கும் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்றது அது. எங்கள் ஆலை மதிலை ஒட்டிய தெருவில் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் நான் கேட்டுப் பார்த்ததுண்டு. வாயு கசிந்தால் காற்றின் திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.