‘வெடித்தல்’ என்றால் சத்தத்தோடு சிதறுவது மட்டும்தானா? அதற்கு இணையான சொற்கள் என்ன?

இல்லை, சத்தமே இல்லாமலும் வெடிக்கும். பருத்திக் காய் வெடிக்கிறது, வறண்ட நிலம் வெடித்துக் கிடக்கிறது, குதிகாலில் பித்தவெடிப்பு வருகிறது, இதில் எதிலும் ‘டமார்’ கிடையாது. உள்ளே இருக்கும் இறுக்கம் தாங்காமல் மேல்பரப்பு விட்டுப்போவதுதான் அடிப்படைப் பொருள் என்று எனக்குப் படுகிறது, கலவரம் வெடித்தது, வெடித்து அழுதாள் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவையாகத்தான் தோன்றுகின்றன.

சரி, இணைச்சொற்கள். பிளத்தல், சிதறுதல், தெறித்தல், உடைதல் என்று சொல்லலாம், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. பிளப்பது ஒரு கோட்டில் இரண்டாகப் பிரிவது, விறகு மாதிரி. சிதறுவது துண்டுகள் நாலாபக்கமும் போவது, அதற்கு வெடிக்கவே வேண்டியதில்லை, கைதவறிய அரிசியும் சிதறும். தெறிப்பதில் வேகம் முக்கியம்: சட்டைப் பொத்தான் தெறிக்கும், வெடிக்காது. உடைதல் பொதுச்சொல்.

அப்புறம் ஒரு வேடிக்கை. உடைந்தது, உடைத்தான் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவம் மாறும். வெடிக்கு அது இல்லை. பட்டாசும் வெடித்தது, பையனும் பட்டாசு வெடித்தான். குழப்பம் வேண்டாமென்றால் ‘வெடிக்கச் செய்தான்’ என்று எழுதுங்கள்.