வைத்தியர் பதில்: கரண்ட் நின்ற நேரத்தில் வெந்த இறைச்சி உருண்டை

கேள்வி: கனடாவிலிருந்து வந்து நின்ற மகள், கொழும்பில் ஒரு ஸ்லோ குக்கர் (குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் கரண்ட் சட்டி) வாங்கித் தந்து, தக்காளிச் சோஸில் மாட்டிறைச்சி உருண்டை செய்யவும் பழக்கிவிட்டுப் போனாள். காலையில் பச்சை உருண்டைகளைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் பின்னேரம் வெந்திருக்கும். முந்தநாள் இடையில் கரண்ட் நின்றிருக்கிறது. எவ்வளவு நேரமென்று தெரியாது. திரும்பக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டோம். அன்றிரவே எனக்கும் கணவருக்கும் வயிற்றோட்டம், ஒரு நாளில் நின்றுவிட்டது. மூன்று வயதுப் பேரனுக்கு ஒன்றுமில்லை. இந்தச் சமையலே ஆகாதா? கணவருக்கு நெஞ்செரிவும் பிரஷரும் உண்டு.
(கோண்டாவில் வாசகி)

பதில்: சமையலில் பிழையில்லை அம்மா. கரண்ட் நின்ற நேரத்தில் சட்டிக்குள் நடந்ததுதான் பிழை.

5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அரைகுறையாகச் சூடேறி நின்ற சட்டி அவற்றுக்கு நல்ல வீடு. 'பிறகு கொதிக்க வைத்தோமே' என்பீர்கள். கொதியில் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் கக்கிவிட்ட நச்சு கொதித்தாலும் அழியாது. அன்றிரவே தொடங்கி ஒரு நாளில் அடங்கியதைப் பார்த்தால் அப்படித்தான் எனக்குப் படுகிறது. கடிதத்தை வைத்து அறுதியாகச் சொல்ல முடியாது. இனிமேல் எவ்வளவு நேரம் நின்றதென்று தெரியாவிட்டால், வாசம் நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மனம் வராதுதான், இறைச்சி விற்கிற விலைக்கு.

அரைத்த இறைச்சிக்கு இன்னொரு சிக்கல். துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் வெளிப்புறத்தில் இருக்கும், சூடு பட்டதும் போய்விடும். அரைத்தால் அது நடுவுக்கும் போய்விடுகிறது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பேர்கரால் நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வகை ஈ-கோலை கிருமி சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தாக்கும். அது தலைகாட்ட மூன்று நான்கு நாள், சிலவேளை பத்து நாள்கூட ஆகலாம். ஆகவே பேரனைக் கவனியுங்கள். மலத்தில் இரத்தம், முகம் வெளிறுதல், சலம் குறைதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் கொடுக்கலாம். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையோ, மிச்சமிருந்த அன்ரிபயோட்டிக்கோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இனிச் செய்யும்போது உருண்டையைத் தேசிக்காய் அளவுக்கு மேல் பிடிக்காதீர்கள். முதலில் தாச்சியில் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சிவக்கப் பொரித்தெடுங்கள், சோஸையும் அடுப்பில் கொதிக்க வைத்தே குக்கரில் ஊற்றுங்கள். பிரீசரில் உறைந்த உருண்டையை அப்படியே போடக் கூடாது. நடுவில் 71 பாகை வந்திருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கினால் நல்லது, ஏனென்றால் நிறம் ஏமாற்றும்: வெந்ததும் சிவப்பாக இருக்கலாம், வேகாததும் மண்ணிறமாகத் தெரியலாம். உப்புப் பார்க்கப் பச்சை இறைச்சியை நாக்கில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒரு நுள்ளு பொரித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை வீட்டில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில் செய்வதுதான் புத்தி.

மிஞ்சியதைச் சட்டியோடு விடியும்வரை வைக்காதீர்கள். கிடாரத்தில் சமைத்த விருந்துக் கறி மறுநாள் வயிற்றைக் கலக்குவதும் இதனால்தான்: கொதிக்குத் தப்பிய கிருமி வித்துகள் ஆறும் நேரத்தில் முளைத்துவிடும். தட்டையான பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கணவருக்குத் தக்காளிப் புளிப்பும் கொழுப்பும் நெஞ்செரிவைக் கூட்டலாம். இரவில் பாணோடு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதுதான் கூடாது. படுக்கைக்கு மூன்று மணித்தியாலம் முன்னரே சாப்பிடட்டும். போத்தல் சோஸில் உப்பு அதிகம், ஒரு நாளைக்கோ மொத்தமாக 5 கிராம் உப்புக்கு மேல் ஆகாது. திருநெல்வேலிச் சந்தையில் பழுத்த தக்காளி வாங்கி நீங்களே வதக்கிச் சோஸ் செய்யுங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு கரட்டைத் துருவிப் போடலாம்.