அமெரிக்காவில் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு) ‘குற்றவாளி’ என்ற பிறகு மேல்முறையீட்டில் எதைப் பார்ப்பார்கள்?

“சாட்சி பொய் சொன்னார் என்று வாதாடினால் தீர்ப்பு ரத்தாகுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகாது. அரசுத் தரப்பு தெரிந்தே பொய்ச் சாட்சியம் வைத்திருந்தால் கதை வேறு. மேல்முறையீட்டு நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துப் பதிவைத்தான் படிக்கிறார்கள். யாரை நம்புவது என்பது ஜூரியின் வேலை.

1979இல் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வழக்கில் வந்த அளவுகோல் இது: சாட்சியங்களை அரசுத் தரப்புக்குச் சாதகமாக வைத்துப் பார்த்தாலும், நியாயமாக யோசிக்கும் எவரும் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் உறுதி என்று சொல்லியிருக்க முடியாது என்றால்தான் தீர்ப்பு ரத்தாகும். நேரில் பார்த்த ஒரே சாட்சி குறுக்கு விசாரணையில் தடுமாறியிருந்தாலும், ஜூரி அவரை நம்பியிருந்தால் பொதுவாக அதுவே போதும். குற்றமற்றவர் ஒருவர் மாட்டிக்கொண்டால் இது கொடுமையான தடைதான்.

அதனால் நல்ல வக்கீல்கள் சட்டப் பிழையைத் தேடுவார்கள்: நீதிபதி ஜூரிக்குத் தப்பாகச் சட்டம் விளக்கினாரா, சேர்க்கக்கூடாத ஆதாரத்தைச் சேர்த்தாரா? ஆனால் பொதுவாக விசாரணையின்போதே ஆட்சேபம் பதிவாகியிருக்க வேண்டும். அப்புறம், ஜூரி அறைக்குள் நடந்த பேச்சை நீதிமன்றங்கள் பொதுவாகக் கிளறுவதில்லை. வெளிப்படையான இனவெறிப் பேச்சுக்கு மட்டும் 2017இல் உச்ச நீதிமன்றம் விதிவிலக்கு தந்தது. ஜூரி விடுதலை செய்துவிட்டால் அரசு மேல்முறையீடே செய்ய முடியாது.