மூக்கில் சொட்டும் தெளிந்த நீர்: மருத்துவர் பதில்

கேள்வி: என் வயது 46. டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். விளக்கேற்றக் குனிந்தாலே இடது மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டுகிறது. சைனஸ் என்று எண்ணிப் போட்டுக்கொண்ட மருந்துகளால் பயனில்லை. இது மூளையைச் சூழ்ந்துள்ள நீர் என்றும், மூக்கின் வழியே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றும் மருத்துவர் சொல்கிறார். தலையில் எனக்கு அடிபட்டதே இல்லை. இது தானாக ஆறாதா? தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன், எடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஒரே மூக்கில், நிறமில்லாமல், குனிந்தால் கூடுதலாக வடியும் நீரைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. அந்த நீரைச் சிறு குப்பியில் பிடித்து, பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதில் உள்ளதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. சர்க்கரை அளவை வைத்து முடிவு செய்யும் பழைய முறை பலமுறை தவறாகிவிடும். நீர் கசியும் ஓட்டை மண்டையோட்டின் அடியில் எங்கே இருக்கிறது என்பதை நுண்ணிய சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டும்.

விபத்தில் ஏற்படும் கசிவு, தலையை உயர்த்திப் படுத்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடைபட்டுவிடும். அடிபடாமலே தொடங்கும் கசிவு அப்படி ஆறுவது அரிது. மண்டைக்குள் நீரின் அழுத்தம் உயர்ந்து, மூக்கின் கூரையிலுள்ள மெல்லிய எலும்பை நாளடைவில் அரித்துவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். உடல் எடை கூடிய நடுவயதுப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. தலைவலியோ, பார்வை மங்கலோ, காதில் நாடித்துடிப்போடு சேர்ந்த இரைச்சலோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கண் நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நான் அஞ்சுவது அறுவை சிகிச்சைக்கு அல்ல, தாமதத்துக்குத்தான். நீர் வெளியேறும் வழியே கிருமிகள் உள்ளே போகும் வழியும் ஆகிறது. அதனால் மூளைக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலுடன் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மயக்க நிலை ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

1926-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேன்டி இத்தகைய கசிவை மண்டையைத் திறந்துதான் அடைத்தார். 1981-இல் ஜெர்மன் மூக்கு மருத்துவர் விகாண்ட், எண்டோஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்குக் கருவி மூலம் மூக்கின் வழியே அடைத்துக் காட்டிய பின் நிலைமை மாறியது. இன்று முகத்தில் வெட்டுத் தழும்பில்லாமல், உங்கள் மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வையோ தொடையின் தசையுறையையோ கொண்டு ஓட்டையை மூடுகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு முதல் முறையிலேயே கசிவு நிற்கிறது. ஆனால் உள்ளழுத்தத்தைக் கவனிக்காமல் ஓட்டையை மட்டும் மூடினால் கசிவு திரும்பக்கூடும். எனவே எடைக் குறைப்பு, மூளைநீர் சுரப்பைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை, சிலருக்கு நீரைத் திருப்பிவிடும் குழாய் என்று தொடர் சிகிச்சை தேவைப்படலாம்.

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மலச்சிக்கலில் முக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது.

ஆகவே இந்தத் தைப்பூசத்தில் காவடி வேண்டாம். பாரமும் குனிந்து வணங்குவதும் கசிவைக் கூட்டும். நேர்ந்ததை நிறைவேற்ற முடியவில்லையே என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. கோயிலுக்குச் சென்று அர்ச்சனை செய்யுங்கள், அறுவை மருத்துவர் அனுமதித்த பின் வரும் ஆண்டில் காவடி எடுங்கள்.

அரசு மருத்துவத்தை நாடினால், டர்பனின் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை பரிந்துரையின் பேரிலேயே நோயாளிகளை ஏற்கும். அந்தக் கடிதத்தை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.