ரோபோ போதாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கி 5 பேர் இறந்ததிலிருந்து ஒரு கேள்வி உறுத்துகிறது. கேமராவும் கையும் வைத்த ரோபோக்கள் இருக்கும்போது கடலடிக்கு ஆளை அனுப்புவது வீம்பு இல்லையா? நம் சமுத்ரயான் திட்டத்திலும் 3 பேர் 6,000 மீட்டர் இறங்கப் போகிறார்களாம். அந்தப் பணத்துக்கு எத்தனை ரோபோ வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே நடந்ததைச் சொல்கிறேன். அதில் உங்கள் பக்க நியாயமும் இருக்கிறது.

கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்க வேண்டும் என்பது நிலவியலாளர்களின் ஊகம். கப்பலிலிருந்து கம்பியில் கட்டி இழுத்த ஆங்கஸ் என்ற கேமரா வண்டி சுமார் 3,000 படங்கள் எடுத்தது. ஓரிடத்தில் மட்டும் நீரின் வெப்பம் சட்டென்று ஏறி இறங்கியது. அந்த நேரத்தில் எடுத்த 13 படங்களில் சிப்பிகள் குவிந்து கிடந்தன. மற்றதெல்லாம் வெறும் எரிமலைப் பாறை. ஆக, இடத்தைக் காட்டியது ஆளில்லாக் கருவிதான்.

அதன்பிறகுதான் ஆல்வின் என்ற, ஆள் ஏறிச் செல்லும் அமெரிக்க நீர்மூழ்கி இறங்கியது. உள்ளே ஓட்டுநரும், ஜாக் கார்லிஸ், ட்ஜீர்ட் வான் ஆன்டெல் என்ற இரு விஞ்ஞானிகளும். சுமார் 2,500 மீட்டர் ஆழம். மேலே இருப்பதைப்போல் 250 மடங்கு அழுத்தம். சன்னலுக்கு வெளியே நீர் கானல்போல நெளிந்தது. ஆழ்கடல் பாலைவனம்போல இருக்கும் என்றல்லவா சொல்வார்கள், இங்கே இத்தனை விலங்குகள் இருக்கின்றனவே என்று கார்லிஸ் மேலே கப்பலுக்குச் சொன்னார். அந்தப் பயணத்தில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை. உயிர்களைத் தேடி அவர்கள் போகவேயில்லை! பிடித்த உயிர்களைப் பதப்படுத்தப் போதிய ஃபார்மலின் இல்லாமல் சிலவற்றை வோட்காவில் போட்டு வைத்தார்கள். கொண்டுவந்த ஊற்றுநீரைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெயிலே எட்டாத இருட்டில் பாக்டீரியாக்கள் அந்த நாற்றத்தையே ஆற்றலாக்கி உணவு சமைக்கின்றன. வாயும் குடலும் இல்லாத குழாய்ப்புழுக்கள் அந்தப் பாக்டீரியாக்களை உடலுக்குள் வைத்து வாழ்கின்றன. 1981-இல் காலீன் கவனா இதை முன்வைத்தபோது அவர் மாணவி.

இன்றைய ரோபோவை மேலிருந்து நேரலையில் பார்த்து ஓட்டலாம், நாள்கணக்கில் நீருக்குள் வைக்கலாம். பெரும்பாலான வேலைக்கு அது போதும். ஆனால் திரைக்குள் வராத ஒன்று ஓரக்கண்ணில் பட்டு, ‘அந்தப் பக்கம் திருப்பு’ என்று சொல்வதற்கு ஆள் அங்கே இருக்க வேண்டும். எதைத் தேடுவது என்றே தெரியாத இடத்தில் இது பெரிய விஷயம்.

டைட்டனை இதோடு சேர்க்காதீர்கள். கார்பன் இழையில் உடல் செய்து, எந்தச் சான்று அமைப்பின் ஒப்புதலும் வாங்காமல், 2018-லேயே துறை வல்லுநர்கள் எச்சரித்தும் கேளாமல் ஆட்களை ஏற்றினார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணையும் அது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்றே முடித்தது. ஆல்வின் 1964-லிருந்து 5,000 முறைக்கு மேல் மூழ்கியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை முழுக்கப் பிரித்துச் சோதிக்கிறார்கள். அதில் ஓர் உயிர்கூடப் போனதில்லை.

பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் சமுத்ரயானுக்காகச் செய்யும் நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000-ஐ 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சோதித்தார்கள். அது துறைமுக ஆழம்தான். 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் கோளத்தில்தான் ஆழத்துக்குப் போகப் போகிறார்கள். அந்தக் கோளம் தாண்ட வேண்டிய ஒவ்வொரு சோதனையின் முடிவும் பொதுவில் வர வேண்டும். அறிவித்த தேதிக்காக ஒன்றையும் தாவக் கூடாது. பணக் கணக்கைவிட இதை உரக்கக் கேளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.