ஃபுல்டன் தெருப் பள்ளிக்குத் தொழப் போகலாமா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவெசன்ட் பக்கம் அறை எடுத்திருக்கிறீர்கள். மஸ்ஜிதுத் தக்வா நடக்கிற தூரம். ஆனால் கூட வேலை பார்ப்பவர், "அந்த இமாம் மேல் குண்டுவெடிப்பு கேஸ் இருக்கிறது, விசாவில் இருக்கும் நீ அங்கே போகாதே" என்றாராம். போகலாமா காக்கா (அண்ணா) என்று கேட்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். அந்தப் பக்கம் குடியிருந்தவரை நானும் அங்கேதான் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) தொழுதேன்.

கேஸ் எதுவும் கிடையாது. 1993 உலக வர்த்தக மையக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த சதி வழக்கில், 'சதியில் பங்கிருக்கலாம், ஆனால் குற்றம் சாட்டப்படவில்லை' என்று அரசு வக்கீல் 1995ல் ஒரு நீளமான பட்டியல் கொடுத்தார். அதில் இந்தப் பள்ளியின் இமாம் சிராஜ் வஹ்ஹாஜின் பெயரும் இருந்தது. அவர் மேல் வழக்கு போடவே இல்லை. வழக்கு இல்லாததால் கோர்ட்டில் நின்று மறுக்கவும் வழியில்லை. பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆள் யார் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். 1950ல் பிறந்தவர், இயற்பெயர் ஜெஃப்ரி கியர்ஸ். பாப்டிஸ்ட் குடும்பம், இளவயதில் சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுத்தவர். 1969ல் கறுப்பின மக்களின் இயக்கமான நேஷன் ஆஃப் இஸ்லாமில் சேர்ந்தார். 1975ல் அதன் தலைவர் எலைஜா முஹம்மது இறந்து, அவர் மகன் அந்த இயக்கத்தை சுன்னி இஸ்லாத்தின் பக்கம் திருப்பியபோது இவரும் கூடவே வந்தார். மக்காவில் உம்முல் குரா பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் படித்துவிட்டு, 1981ல் இந்தப் பள்ளியைத் தொடங்கினார்.

நம் ஊரில் ஜமாஅத் சம்பளம் கொடுத்து ஹஜ்ரத்தை வைத்துக்கொள்ளும், பிடிக்காவிட்டால் மாற்றிவிடும். இங்கே கறுப்பின முஸ்லிம்களின் பள்ளிகள் பலவற்றை இமாமே கட்டி எழுப்பியிருப்பார். தெருவில் சண்டை என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். 1988ல் இந்தத் தெருக்களில் கிராக் போதை வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. பள்ளி ஆட்கள் 40 நாள், ராத்திரி பகலாக, போதை விற்ற வீடுகளின் வாசலிலேயே காவல் நின்றார்கள். போலீஸும் கூட இருந்தது. 15 வீடுகளை மூடவைத்தார்கள். பள்ளிக்கு அங்கே மரியாதை வந்தது இதனால்தான். 1991ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையைத் துஆவோடு (பிரார்த்தனையோடு) தொடங்கிவைத்த முதல் முஸ்லிமும் இவரே.

அதற்காக எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். முதலில் சொன்ன அந்தச் சதி வழக்கில் தண்டனை பெற்ற உமர் அப்துர் ரஹ்மானுக்காக இவர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். 90களில் அமெரிக்க ஆட்சி போய் கிலாஃபத் (கலீஃபா ஆட்சி) வரவேண்டும் என்கிற ரீதியிலும் பேசியிருக்கிறார். இந்த நாட்டில் பிழைக்க வந்த எனக்கு அந்தப் பேச்சு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. இவரை விமர்சிப்பவர்கள் எல்லாரையும் இஸ்லாம் விரோதிகள் என்று தள்ளிவிடவும் முடியாது.

2018 விஷயம் வேறு. நியூ மெக்ஸிகோவில் ஒரு ஒதுக்குப்புற முகாமில் 11 குழந்தைகள் மீட்கப்பட்டார்கள், ஒரு குழந்தையின் சடலமும் கிடைத்தது. கைதானவர்களில் இவருடைய மகனும் மகள்களும் இருந்தார்கள், இறந்தது இவர் பேரன். மகன் உட்பட நான்கு பேருக்கு 2024ல் ஆயுள் தண்டனை. அவர்கள் இருக்கும் இடம் பற்றித் தனக்குக் கிடைத்த தகவலை இமாம் அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் செய்ததை அப்பன் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்கள் பயம் வெறும் கற்பனை இல்லைதான். நியூயார்க் போலீஸ் பள்ளிகளை வேவு பார்த்தது உண்மை. அதை எதிர்த்து 2013ல் வழக்குப் போட்டவர்களில் இந்தப் பள்ளியும் உண்டு. வழக்கு சமரசத்தில் முடிந்து, வேவு பார்ப்பதற்குப் புதுக் கட்டுப்பாடுகள் வந்தன. பயந்து வீட்டில் உட்காராமல் கோர்ட்டுக்குப் போனார்கள் பாருங்கள், அதை நாம் இவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஃபிராங்க்ளின் அவென்யூ ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். ஜும்ஆவுக்குச் சீக்கிரம் போங்கள், இடம் கிடைக்காது. வெளியே அத்தர், கருஞ்சீரக எண்ணெய் விற்பார்கள். பீன் பை கிடைத்தால் விடாதீர்கள், வெள்ளை பீன்ஸில் செய்கிற இனிப்பு, கறுப்பின முஸ்லிம் சமூகத்துக்கே உரியது. நம்மைப் போல ஷாஃபி மத்ஹபு என்றால் ஸுப்ஹில் (அதிகாலைத் தொழுகையில்) குனூத் என்ற துஆ ஓதவில்லையே என்று திகைக்க வேண்டாம். தமிழ் முகம் பார்க்க ஆசை வந்தால் பெருநாளைக்கு நியூ ஜெர்சி வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.