விழப்போகிற பல்தானே? – வாசகர் கேள்வி பதில்

பள்ளத்தூரிலிருந்து ஓர் அப்பத்தா எழுதியிருக்கிறார்: பேரனுக்கு நாலு வயது. மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் பிள்ளை என்னிடம்தான் வளர்கிறான். ராத்திரி கருப்பட்டி போட்ட பாலைப் பாட்டிலில் குடித்தால்தான் தூங்குவான். மேல் முன்பல் நாலும் கரைந்து கறுத்துவிட்டன, கடைவாயிலும் ஒரு குழி. போன மாதம் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனேன், இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள மெஷினை வைத்தார்கள். அன்றிலிருந்து பல் தேய்க்கக்கூட வாயைத் திறப்பதில்லை. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்கிறார்கள் சிலர். கிராம்புத் தைலம் தடவு, எண்ணெய் கொப்பளிக்க வை என்கிறார்கள் சிலர். பிள்ளையை நோகடிக்காமல் பார்க்க வழி உண்டா?

உண்டு ஆச்சி. முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம், ஏனென்றால் பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் எந்த வைத்தியமும் நடக்காது. குழந்தைகளுக்கென்றே தனியாகப் படித்த பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒருவரிடம் போங்கள். போகும் முன்பே போனில் நடந்ததை அப்படியே சொல்லி, முதல் நாள் எதுவும் செய்ய வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து பல்லை எண்ணிவிட்டு வந்தால் போதும் என்று கேளுங்கள். நல்லவராக இருந்தால் சரி என்பார். கண்ணாடியைக் காட்டி, இதை என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லி, அவன் விரல் நகத்தில் தொட்டுக் காட்டி, அப்புறம்தான் பல்லில் வைப்பார். காலையில் தூங்கி எழுந்து, கொஞ்சம் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும்போது கூட்டிப் போங்கள். வீட்டில் "ஊசி போட மாட்டாங்கப்பா, வலிக்காதுப்பா" என்று தேற்ற வேண்டாம். ஊசி, வலி என்ற இரண்டு சொல்லும்தான் பிள்ளை மனதில் தங்கும். சாப்பிட அடம்பிடித்தால் டாக்டரிடம் விட்டுவிடுவேன் என்று மிரட்டுகிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மெஷினே வைக்காமல் செய்யக்கூடியவை இப்போது நிறைய இருக்கின்றன. சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்று ஒரு திரவம், சொத்தையில் சின்ன பிரஷ்ஷால் தடவினால் பெரும்பாலும் அதற்கு மேல் அரிக்காமல் நின்றுவிடும். தடவ ஒன்றிரண்டு நிமிடம்தான், ஆறு மாதம் கழித்துத் திரும்பத் தடவ வேண்டியிருக்கும். சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுப்பாகிவிடும், அதை உங்கள் மருமகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைவாய்க் குழிக்கு ஹால் முறை என்று ஒன்று. ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்துவந்தது. ஊசி இல்லை, சுரண்டல் இல்லை, அளவான ஸ்டீல் கேப்பைப் பல்லின் மேல் அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காததால் சொத்தை அப்படியே அடங்கிவிடும். சில நாள் கடிக்கும்போது உயரமாகத் தெரியும், அப்புறம் சரியாகிவிடும். ஆனால் இதெல்லாம் நரம்பு வரை போகாத பல்லுக்குத்தான். ராத்திரி வலியில் எழுந்து அழுகிறான், ஈறில் கொப்புளம் இருக்கிறது என்றால் வேறு வைத்தியம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் நாள் பார்க்க வேண்டாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

பால் பல்தானே என்பதற்கு வருகிறேன். முன்பல் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். கடைவாய்ப் பால் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும். அதுவரை பின்னால் வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். முன்னாலேயே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, கீழிருந்து வருகிற பல் கோணலாக வரும். சீழ் பிடிக்க விட்டால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்கே கறை வரலாம்.

கிராம்புத் தைலம் பிஞ்சு ஈறைப் புண்ணாக்கும், விழுங்கினால் ஆபத்து. நாலு வயதுப் பிள்ளைக்கு எண்ணெய் கொப்பளிக்கத் தெரியாது, புரையேறும். இரண்டுமே குழியை மூடப்போவதில்லை. கருப்பட்டி நல்லதுதானே என்று கேட்பீர்கள், பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான். தூங்கும்போது எச்சில் குறைவாக ஊறும், பால் விடிய விடிய பல்லிலேயே தங்கும். ஒரே நாளில் பாட்டிலைப் பிடுங்காதீர்கள். முதலில் கருப்பட்டியைக் குறையுங்கள், பிறகு பாலில் தினம் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டி இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீருக்குக் கொண்டு வாருங்கள். பாலைச் சாயங்காலமே டம்ளரில் கொடுத்துவிடலாம். பலகாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. விசேஷ நாளில் சாப்பாட்டோடு கந்தரப்பமும் சீயமும் தின்கிற பிள்ளையைவிட, தினம் நாலைந்து தடவை டின்னைத் திறந்து பிஸ்கட் எடுக்கிற பிள்ளைக்குத்தான் பல் வேகமாகப் போகிறது. பல் தேய்க்க வளவு வாசலில் வெளிச்சம் பார்த்துப் பாய் விரித்து, உங்கள் மடியில் அவன் தலையை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பிரஷ் அவன் கையில், பொம்மைக்கு அவன் தேய்க்கட்டும். பிறகு பத்து எண்ணுகிற வரை நீங்கள். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.

காரைக்குடியிலிருந்து ஒரு தகப்பனார்: ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்கிறார்கள், மூன்று வயது மகளுக்கு மூலிகைப் பேஸ்ட் போதாதா, ஃப்ளோரைடு விஷமில்லையா?

சொத்தை வராமல் பல்லைக் காப்பதே ஃப்ளோரைடுதான், அளவு மிஞ்சினால்தான் கெடுதல். மூன்று வயது வரை அரிசி அளவு, அதன்பின் ஆறு வரை பட்டாணி அளவு, காலையும் படுக்கும் முன்பும், 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டு அலசித் தள்ள வேண்டாம். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃப்ளோரைடு இருப்பதில்லை, அட்டையைப் படியுங்கள். வீட்டில் குடிப்பது போர்த் தண்ணீர் என்றால் அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கரித்தூள், உப்பு, செங்கல்தூள் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

தேவகோட்டைத் தாயார் ஒருவர்: ஆறு வயது மகனுக்கு ஒரு பல்லும் விழவில்லை, ஆனால் கடைசியில் புதிதாகப் பெரிய பல் ஒன்று வந்திருக்கிறது. அதுவும் பால் பல்லா?

இல்லைங்க, அது நிரந்தரப் பல். எதுவும் விழாமல் பின்னால் வருவதால் பாதி வீடுகளில் இதைப் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள், பல்லும் பாழாகிவிடுகிறது. அதன் மேல் இருக்கும் பள்ளங்களை மூட சீலன்ட் பூசுவார்கள். ஊசி, வலி ஒன்றும் கிடையாது. புதுக்கோட்டையில் 2023-இல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டுகிற தூரம்தான், அங்கேயும் விசாரித்துப் பாருங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: எட்டு மாதப் பேத்திக்குப் பல்லுக் கொழுக்கட்டை போட்டாயிற்று. டாக்டரிடம் எப்போது காட்டுவது?

முதல் பிறந்தநாளுக்குள். அம்மா மடியில் காலும் டாக்டர் மடியில் தலையுமாகப் படுக்க வைத்துப் பார்ப்பார்கள், ஒரு நிமிடம் ஆகும். அதுவரை சுத்தமான ஈரத்துணியால் ஈறைத் துடைத்து, வந்த பல்லை அரிசி அளவு பேஸ்ட்டில் தேய்த்துவிடுங்கள். மேல் முன்பல்லில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று வாரம் ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள், சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும்.